கீ வச்ச ஃப்ளூட் நம்ம புல்லாங்குழலோட அடுத்த வெர்ஷனா? (விவாத இழை)

கேள்வி: 2 ஜூன் 2023

ரொம்ப நாளா மனசுல இருக்கற சந்தேகம். மூங்கில்ல எட்டு ஓட்டை போட்டா புல்லாங்குழல். அதையே வெள்ளைக்காரன் வெள்ளில செஞ்சு கீ (ஓட்டைய மூடித் திறக்கற மூடி) எல்லாம் மாட்டி இம்ப்ரூவ் பண்ணிட்டான், எந்த ஸ்கேல்ல வேணாலும் ஒரே குழல்ல வாசிக்கலாம்கறாங்க. அப்புறம் ஏன் கர்நாடக சங்கீதத்துல இன்னும் மூங்கிலையே பிடிச்சுட்டு தொங்கறாங்க? வெறும் பழக்கதோஷமா, இல்ல உருப்படியா காரணம் ஏதாவது இருக்கா?

2 ஜூன், இரவு 10.40

அடுத்த வெர்ஷன் எல்லாம் இல்லை. ரெண்டு பேருக்கு ரெண்டு தலைவலி, ஆளுக்கொரு மருந்து. கீ வச்சவங்களோட தலைவலி நமக்கு இல்ல. நமக்கு வேண்டிய ஒண்ணுக்கு கீ குறுக்க வந்து நிக்கும். விரிவா நாளைக்கு.

3 ஜூன், காலை

முதல்ல அவங்க தலைவலி என்னன்னு பாப்போம். 1700-கள்ல ஐரோப்பால இருந்த ஃப்ளூட் மரத்துல செஞ்சது, உள்துளை கீழ போகப் போக குறுகும், ஆறு விரல் துளை, கடைசில சுண்டு விரலுக்கு ஒரே ஒரு கீ. டி மேஜர் ஸ்கேல் அதுல தண்ணி பட்ட பாடு. அதை விட்டு நகர்ந்தா கஷ்டம். நடுவுல வர்ற ஸ்வரத்துக்கு ஒரு துளையத் திறந்து விட்டுட்டு அதுக்கு கீழ இருக்கறத மூடணும், அப்படி வர்ற ஸ்வரம் மூக்கடைச்ச மாதிரி மங்கலா இருக்கும். தனியா ஒரு ரூம்ல வாசிக்கறப்போ அதுவும் ஒரு அழகுதான். ஆனா ஆர்கெஸ்ட்ரா பெருசாகி, பாட்டு நடுவுலயே ஸ்கேல் மாறிட்டே இருக்கற காலம் வந்தப்போ அந்த மங்கல் ஸ்வரம் சபைல காணாமப் போச்சு. ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒட்டு போடற மாதிரி கீ சேத்துட்டே போனாங்க, எட்டு கீ வரைக்கும் போச்சு. ஆனா அடிப்படை கோளாறு அப்படியே இருந்தது: ஓட்டை எல்லாம் விரல் எட்டற இடத்துல இருந்துச்சே தவிர, ஸ்வரம் சரியா வர வேண்டிய இடத்துல இல்ல.

இங்கதான் தியோபால்ட் போம் வர்றார். ம்யூனிக்ல பொற்கொல்லர் குடும்பம், அவரே நல்ல வாசிப்பாளர். 1831-ல லண்டன் போனப்போ சார்லஸ் நிக்கல்சன்னு ஒருத்தர் வாசிக்கறத கேட்டார். நிக்கல்சனோட குழல்ல ஓட்டை எல்லாம் சாதாரணத்தை விட ரொம்பப் பெருசு, அதனால நாதமும் பெருசு. அந்த நாதத்துக்கு தன் குழலால ஈடு குடுக்க முடியாதுன்னு போமுக்குப் புரிஞ்சு போச்சு. குழலையே திருப்பிச் செய்யறதுன்னு முடிவு பண்ணிட்டார். 1832-ல ஒரு மாடல். அது பத்தலைன்னு ஒலியியல் எல்லாம் படிச்சு 1847-ல உள்துளையே மாறின இன்னொரு மாடல். உடம்பு முழுக்க நேரான உருளை, சுமார் 19 மி.மீ., தலைப்பகுதி மட்டும் ஊதற பக்கமா கொஞ்சம் குறுகும். ஓட்டைய ஒலிக்கு எங்க வேணுமோ அங்க, வேண்டிய அளவுல போட்டுட்டார், விரல் நுனியால மூடவே முடியாத பெரிய ஓட்டைங்க. மூட முடியாததால தான் மூடி வந்துச்சு. கீங்கறது அந்த மூடியும் அதை தூரத்துல இருந்து அழுத்தற கம்பியும்தான்.

அதாவது அலங்காரத்துக்கோ வசதிக்கோ கீ வரல. ஓட்டை நகர்ந்து போச்சு, விரல் எட்டல, அதுக்காக வந்துச்சு.

3 ஜூன், மாலை

இப்ப நம்ம பக்கம். நமக்கு பாட்டு நடுவுல ஆதார சுருதி மாறாது. ஒரு கச்சேரி முழுக்க தம்புரா ஒரே ச-வை பிடிச்சுட்டு இருக்கு. அஞ்சு கட்டைல (கட்டைங்கறது அந்த ச எவ்வளவு உசரம்ங்கற கணக்கு) பாடறவங்களோட வாசிக்கணும்னா அஞ்சு கட்டை குழல எடுத்துக்கோ, ரெண்டரைன்னா வேற குழல். அவங்க எல்லா ஸ்கேலையும் ஒரே குழாய்க்குள்ள திணிச்சாங்க. நம்மாளுங்க அதே பிரச்சனைய பைல தீத்துட்டாங்க. எந்த குழல் வித்வானோட பையையும் திறந்து பாருங்க, ஒரு மூங்கில் காடே இருக்கும்.

நமக்கு வேண்டியது ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவுல இருக்கற இடம். தோடி ராகத்துல காந்தாரத்தை நேரா ஊதிப் பாருங்க, தோடி மாதிரியே இருக்காது. அது ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவுல ஆடணும். அந்த ஆட்டம் விரல் துளைய பாதி திறந்து, முழுசா திறந்து, வழுக்கி, மறுபடி மூடறதுல வருது. துளைக்கும் விரலுக்கும் நடுவுல ஒண்ணும் இல்லாததால வருது. மூடிக்கு திறக்கும் மூடும் ரெண்டு வேலைதான் தெரியும்.

தெரிஞ்சவர் ஒருத்தர் வெள்ளி ஃப்ளூட் வச்சிருக்கார், ஆசைக்கு வாங்கி ஊதினேன். சத்தம் என்னவோ நம்ம குழல விட லேசா வந்துடுச்சு, உதடு வைக்கற தட்டு அவ்வளவு சௌகரியம். சரளி வரிசையும் ஓரளவு வந்துச்சு. அப்புறம் பழக்கத்துல ஒரு ஜாரு (ஸ்வரத்துலேர்ந்து ஸ்வரத்துக்கு வழுக்கறது) போடலாம்னு விரல உருட்டினா டக்குனு அடுத்த ஸ்வரத்துல போய் உக்காந்துடுச்சு! படிக்கட்டுல சறுக்கு விளையாடப் பாத்த கதை. அவர் சிரிச்சுட்டு, அவங்க உதட்டை உருட்டி, காத்தோட கோணத்தை மாத்தித்தான் வளைப்பாங்கன்னார். வளையும், ஆனா கொஞ்ச தூரம்தான்.

3 ஜூன், இரவு

மேல சொன்னதோட இதையும் சேத்துக்கோங்க, இல்லைன்னா யாராவது வந்து பிடிச்சுப்பாங்க. கீ ஃப்ளூட்லயே நடுவுல ஓட்டை வச்ச மூடி இருக்கற மாடல் உண்டு, அஞ்சு கீல ஓட்டை இருக்கும், அதுல விரல பாதி நகர்த்தி வழுக்கலாம். அதுல கமகம், அதாவது மேல சொன்ன ஆட்டமும் வழுக்கலும், முயற்சி பண்றவங்களும் இருக்காங்க. மூடி வச்சு அடைச்ச அப்புறம் அந்த மூடிலயே மறுபடி ஓட்டை போட வேண்டி வந்துச்சு பாருங்க, அதுதான் எனக்கு வேடிக்கை.

4 ஜூன்

நேத்து ஒருத்தர் கீழ போட்டிருந்தார்: "கண்ணன் கையில இருந்தது, அதனால உலகத்துலயே பழைய குழல் நம்மளது, விவாதம் முடிஞ்சது." பக்தி விஷயத்துல நான் தலையிடல. ஆனா எலும்பு வேற கதை சொல்லுது.

ஜெர்மனில உல்ம் நகரத்துக்கு பக்கம் ஹோலே ஃபெல்ஸ்னு ஒரு குகை. 2008-ல அங்க ஒரு கழுகு எலும்பு கிடைச்சது. பிணந்தின்னிக் கழுகோட இறக்கை எலும்பு, பறவை எலும்பு ஏற்கனவே உள்ள கூடுதான, துளைக்கற வேலை மிச்சம். 12 துண்டா உடைஞ்சு கிடந்தது, சேத்துப் பாத்தா கிட்டத்தட்ட 21.8 செ.மீ. நீளம், 8 மி.மீ. அகலம், அஞ்சு விரல் துளை. வயசு 35,000 வருஷத்துக்கும் மேல. பக்கத்துலயே கெய்ஸன்க்ளோஸ்டர்லேங்கற குகைல மாமூத் தந்தத்துல செஞ்ச குழலும் கிடைச்சிருக்கு. தந்தம் கூடு இல்ல, அதை ரெண்டா பிளந்து, உள்ள குடைஞ்சு, காத்து கசியாம மறுபடி ஒட்டணும். வேட்டை நேரம் போக இதுக்கு உக்காந்திருக்கான் ஒருத்தன்.

எனக்கு இதுல மயிர்க்கூச்செறியற இடம் வயசு இல்ல. அந்த கழுகு எலும்புல துளை ஓரத்துல மெல்லிசா கோடு கிழிச்சிருக்கு. எங்க ஓட்டை போடணும்னு அளந்து வச்ச குறி மாதிரிங்கறாங்க. போம் 1847-ல மண்டைய உடைச்சுக்கிட்ட அதே கேள்வி.

4 ஜூன், கொஞ்ச நேரம் கழிச்சு

ஸ்லோவேனியா கரடி எலும்பு அதை விட பழசாச்சேன்னு கேட்டவருக்கு: ஆமா, டிவ்யே பாபே குகை, 1995-ல கிடைச்சது, நியாண்டர்தால்ங்கற பழைய மனித இனத்தோட காலத்துது. ஆனா அந்த ஓட்டை மனுஷன் போட்டதா, மிருகம் கடிச்சதான்னு இன்னும் சண்டை ஓடிட்டு இருக்கு. சண்டை முடியட்டும்.

சீனாவுல ஜியாஹு குழல்ங்க பத்தி யாரும் பேசாதது ஆச்சரியம். ஹெனான் மாகாணம், 30-க்கும் மேல கிடைச்சிருக்கு, கொக்கு இன எலும்பு, சிலது 9,000 வருஷம் பழசு. அதுல ஒண்ணு விரிசல் இல்லாம இன்னும் ஊதற நிலைல இருந்து, ஊதியும் பாத்துட்டாங்க. அந்த குழல்ல ஏழாவது துளைக்கு பக்கத்துல குட்டியா இன்னொரு துளை இருக்கு. போட்ட ஓட்டைல சுருதி சேரல, அதுக்கு ஒரு திருத்த ஓட்டை. இந்த இடத்துல அந்த ஆசாமிய நேர்ல பாத்து கை குலுக்கணும் போல இருக்கு.

இன்னொண்ணு, இந்த எலும்புக் குழல் எல்லாம் நாம பிடிக்கற மாதிரி குறுக்க பிடிக்கறது இல்ல, நுனில ஊதறது. அந்த வகைல கண்ணன் கட்சிக்கு ஆறுதல் பரிசு உண்டு: குறுக்க பிடிச்சு வாசிக்கற குழல் இந்தியால ரொம்பப் பழசு, சாஞ்சி, அமராவதி சிற்பத்துலயே பாக்கலாம்.

6 ஜூன்

தமிழ்ல குழல் பத்தி பேச்சு வந்ததும் யாராவது குழலினிது யாழினிது போடுவாங்கன்னு நினைச்சேன், போட்டாச்சு. அந்த குறள்ல ஜெயிக்கறது குழந்தைங்க, குழல் இல்ல. குழலுக்கு நல்ல சாட்சி வேணும்னா பெரும்பாணாற்றுப்படைக்குப் போங்க. மாடு மேய்க்கறவன் தீக்கடைகோல்ல நெருப்பு உண்டாக்கி, அந்தக் கொள்ளியாலயே மூங்கில்ல துளை போடறான். செந்தீ தொட்ட கருந்துளைக் குழல். அதுல பாலைப் பண் வாசிக்கறான், அலுத்துப் போனா குமிழ மரக் கொம்புல நார் கட்டி யாழ் செஞ்சு குறிஞ்சி வாசிக்கறான்.

கருந்துளைங்கற வார்த்தைய எழுதினவர் துளைய கிட்ட போய் பாத்திருக்கார். ஏன்னா இன்னைக்கும் அப்படித்தான். குழல் செய்யறவர் பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன். இரும்புக் கம்பிய செக்கச்செவேல்னு காய்ச்சி, பென்சில்ல குறிச்ச இடத்துல நேரா நிறுத்துவார், அழுத்தக் கூடாது, கம்பி தன் வெயிட்லயே இறங்கும். சுர்ருனு சத்தம், குழலோட ரெண்டு நுனிலயும் புகை வரும், உள்பக்க சுவரை சுடறதுக்குள்ள வெளிய இழுத்துடணும். துளை ஓரம் கன்னங்கரேல்னு இருக்கும். ஏன் ட்ரில் போடல்லைன்னு கேட்டேன், மூங்கில் நார் நீளவாக்குல ஓடுது, ட்ரில் மாட்டினா நாரைப் பிச்சு விரிசல் விட்ரும், நெருப்பு நாரை அப்படியே பொசுக்கிடும்னார். அப்புறம் ஊதிப் பாக்கறது, அரத்தால ஒரு இழுப்பு, மறுபடி ஊதறது. துளைய பெருசாக்கினா ஸ்வரம் ஏறும். ஏத்தறது சுலபம், இறக்கணும்னா மெழுகு வச்சு அடைக்கணும், அதனால முதல்ல எப்பவும் சின்னதாத்தான் சுடுவாங்க.

அகநானூறு 82 இன்னும் பிரமாதம், அதுல குழல் செய்ய ஆளே வேண்டாம். ஆடற மூங்கில்ல விழுந்த துளை வழியா கோடைக் காத்து புகுந்து குழலாகுது, அருவி முழவாகுது, வண்டு யாழாகுது, குரங்கு கூட்டம் உக்காந்து வேடிக்கை பாக்குது, மயில் ஆடுது. கபிலர். இயற்பியலும் சரியா இருக்கு, துளை விளிம்புல காத்து மோதினா போதும், உள்ள இருக்கற காத்துத் தூண் தானா அதிர ஆரம்பிக்கும்.

6 ஜூன், இரவு

அடியார்க்கு நல்லார் சிலப்பதிகாரத்துக்கு எழுதின உரைல குழல் செய்யறதுக்கு அளவே குடுக்கறார், எடுத்து வச்சு கணக்கு போட்டேன். மொத்த நீளம் 20 விரல், சுத்தளவு நாலரை விரல். அடைச்ச பக்கத்துல 2 விரல் விட்டு ஊதற வாய். அங்கேருந்து 7 விரல் இடைவெளி. கடைசி முனைல 2 விரல் விடணும். நடுவுல மிச்சம் 9 விரல், அதுல எட்டு துளை. 2, 7, 9, 2, கூட்டினா 20, கச்சிதம்.

ஒரு விரல் சுமார் 1.9 செ.மீ.ன்னு வச்சா மொத்தம் 38 செ.மீ., கச்சேரில பாக்கற சின்ன குழல் அளவுதான். எட்டு துளைல ஒண்ணை முத்திரைன்னு தள்ளிட்டு மிச்ச ஏழுல ஏழு விரல் வைக்கச் சொல்றார்: இடது கைல கட்டை விரலும் சுண்டு விரலும் போக மூணு, வலது கைல கட்டை விரல் போக நாலு. இன்னைக்கு கர்நாடக குழல்ல கை வைக்கறது அச்சு அசல் இதேதான், கடைசி துளைல யாரும் விரல் வைக்கறதில்ல. எதுக்குடா இந்த எட்டாவது ஓட்டைன்னு ஆரம்பத்துல எனக்கு எரிச்சலா இருக்கும். அது குழலோட நீளத்தை கத்தரிக்கற வேலை பாக்குது. எல்லாத்தையும் மூடினப்புறம் காத்து எங்க முடியணும்ங்கறத அந்த திறந்த துளை தீர்மானிக்குது, மூங்கில் முனை கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும் சுருதி பெருசா அசையாது.

எதுல செய்யலாம்னும் பட்டியல் குடுக்கறார்: மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி. மூங்கில் உத்தமம், வெண்கலம் மத்திமம். உலோகக் குழல் வெள்ளைக்காரன் கண்டுபிடிப்புன்னு நினைச்சவங்க இதை ஒரு தடவை படிச்சுக்கோங்க.

7 ஜூன்

கமகம் எல்லாம் பிற்காலத்து சேர்க்கை, பழைய காலத்துல ப்ளெயினா தான் ஊதியிருப்பாங்கன்னு ஒருத்தர் அடிச்சுச் சொல்றார். நாட்டிய சாஸ்திரம் 30-ஆம் அத்தியாயம், குழலுக்கே தனியா ஒதுக்கினது. அதுல விரல் முழுசா திறந்தா நாலு சுருதி ஸ்வரம், விரல் நடுங்கினா மூணு சுருதி, பாதி திறந்தா ரெண்டு சுருதின்னு இருக்கு (சுருதிங்கறது இங்க ஸ்வரத்தை விட சின்ன இடைவெளி). திறந்த விரல், நடுங்கற விரல், பாதி விரல். இன்னைக்கு நாம பண்ற கமகமே அதுன்னு சொல்ல வரல. ஆனா துளைங்கறது ஆன், ஆஃப் ஸ்விட்ச் இல்லைங்கற அறிவு அப்பவே இருந்திருக்கு.

9 ஜூன்

ரெண்டு நாளா யோசிச்சதுல என் பேச்சோட தொனி கொஞ்சம் உறுத்துது. நம்ம குழல் ஆதியிலேர்ந்து மாறவே இல்ல, மாற வேண்டியதும் இல்லைங்கற மாதிரி சிலர் எடுத்துக்கிட்டு கை தட்டறாங்க. தட்டாதீங்க. நிறைய மாறிச்சு. மாறினது பெரும்பாலும் குழாய் இல்ல, கை.

குழல் கச்சேரி மேடைல தனி வாத்தியமா உக்காந்ததே சரப சாஸ்திரியாலதான், 1872-ல பிறந்து 1904-ல போய்ட்டார், 32 வயசு. சின்ன வயசுலயே பார்வை போனவர். அவர் சிஷ்யர் பல்லடம் சஞ்சீவ ராவ், அந்த தலைமுறையோட பெரிய பேர். அப்புறம் மாலி. டி.ஆர். மகாலிங்கம், 1926-ல திருவிடைமருதூர்ல பிறந்தவர், குழந்தையாவே மேடை ஏறினவர். அவருக்கு முன்ன குழல்ல ஸ்வரங்கள் தனித்தனியா விட்டு விட்டு கேக்கும். அவர் விரல் வைக்கற முறையையே மாத்தி, உதட்டையும் சேத்து, வாய்ப்பாட்டு மாதிரி தொடர்ச்சியா கொண்டு வந்தார். மாலி மேடைக்கு வருவாரா, வந்தாலும் வாசிப்பாரான்னு ஜனங்க பந்தயம் கட்டின கதை எல்லாம் இங்க வேண்டாம், அது தனி இழைக்கு ஆகும். அதே காலத்துல திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளை வழில வந்த டி. விஸ்வநாதன், வேற ஒரு அழகு, பாடிட்டே வாசிப்பார். மாலியோட சிஷ்யர் என். ரமணி நீளமான கீழ் ஸ்தாயி குழலையும் கர்நாடக மேடைக்கு கொண்டு வந்தார்.

குழாயையே மாத்தினவர் வேணும்னா வடக்க பன்னாலால் கோஷ், 1911-லேர்ந்து 1960 வரை. அதுவரைக்கும் சின்ன குழல், நாட்டுப்புற சமாச்சாரம். அவர் 32 அங்குலத்துக்கு நீட்டினார், ஏழாவது துளையும் போட்டார். நீட்டினா துளைங்க விலகும், விரல் பிளக்கணும், துரித காலம் கஷ்டம். ஆனா ஆலாபனைக்கு வேண்டிய கனமும் கீழ் ஸ்தாயியும் வந்துச்சு. ஓட்டை விரலை விட்டு விலகினப்போ போம் கம்பிய நீட்டினார், கோஷ் விரல நீட்டச் சொன்னார். கேள்வி கேட்டவருக்கு என் முழு பதிலும் இந்த ஒரு வரில இருக்கு, முதல் நாளே தோணியிருந்தா உங்க நேரம் மிச்சம்.

10 ஜூன்

தங்க ஃப்ளூட், வெள்ளி ஃப்ளூட், மூங்கில், எது நாதம் உசத்திங்கற சண்டைக்கு: 1971-ல ஜான் கோல்ட்மன்னு ஒரு இயற்பியல்காரர் ஒரே அளவுல வெள்ளி, செம்பு, மரம்னு மூணு குழல் செஞ்சு, கேக்கறவங்களுக்கு எதுன்னு தெரியாம ஊதிக் காட்டினார். யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியல. ஊதினவங்க கைக்கும் தெரியாத மாதிரி செட்டப் பண்ணப்போ அவங்களாலயும் முடியல. காரணம் சிம்பிள். குழல்ல அதிர்றது காத்து, குழாய் இல்ல.

"அப்ப பிவிசி பைப்பும் மூங்கிலும் ஒண்ணா"ன்னு உடனே கேப்பீங்க. அளவெல்லாம் ஒண்ணா இருந்தா கேக்கறவருக்கு ஏறக்குறைய ஒண்ணுதான். ஆனா அளவு ஒண்ணா இருக்கறதே இல்லையே. சுவரோட தடிமன் மாறினா துளையோட ஆழம் மாறும், ஊதற துளையோட விளிம்பு கூரா மொண்ணையா, உள்ள வழவழப்பா சொரசொரப்பா, உள்துளை எங்க லேசா குறுகுது, எல்லாம் சேந்துதான் நாதம். பிவிசில ஊதியிருக்கேன், சுருதி கன கச்சிதம், ஆனா வேர்த்தா விரல் வழுக்கும், அதோட உறவாட முடியல. இது அறிவியல் இல்ல, எனக்குத் தெரியும்.

கண்ணாடில கூட உண்டு. 1813-ல பாரிஸ்ல க்ளோட் லோரான் அமெரிக்க ஜனாதிபதி மாடிசனுக்கு செஞ்ச படிகக் குழல் இப்ப அங்க காங்கிரஸ் நூலகத்துல இருக்கு, 2022-ல லிஸோங்கற அமெரிக்கப் பாடகி மேடைல அதை ஊதினப்போ ஊரே ரெண்டு பட்டுச்சு. அதே நூலகத்துல டேட்டன் மில்லர்ங்கற இயற்பியல்காரர் சேத்து வச்ச 1,700 சொச்சம் குழல் இருக்கு. இயற்பியல்காரங்களுக்கும் குழலுக்கும் என்ன பந்தமோ.

12 ஜூன்

"என் குழல் காலைல ஒரு சுருதி, ராத்திரி ஒரு சுருதி"ங்கறவருக்கு. குழல்ல தப்பு இல்ல, காத்து. சூடான காத்துல ஒலி வேகமா ஓடும், ஸ்வரம் ஏறும். ஒரு டிகிரிக்கு சுமார் 3 சென்ட், நூறு சென்ட் ஒரு அரை ஸ்வரம். ஏசி ஹாலுக்கும் திறந்த வெளிக்கும் 10 டிகிரி வித்தியாசம்னா கணக்குப்படி 30 சென்ட், காது கூசும். அதனாலதான் வித்வான்கள் ஆரம்பிக்கறதுக்கு முன்ன ஸ்வரமே வராம குழலுக்குள்ள வெறும் காத்தை ஊதிட்டு இருப்பாங்க. வயலின்காரர் பிருடைய (தந்திய முறுக்கற ஆணி) திருகலாம், நமக்கு அந்த வசதி கிடையாது, உதட்டை உள்ள வெளிய உருட்டி சமாளிக்கணும்.

ஏசி இன்னொரு வம்பு. ஈரம் போய் மூங்கில் காயும், நார் ஓடற திசைல பிளக்கும். என் பிரியமான குழல் ஒண்ணு அப்படித்தான் போச்சு. ராத்திரி நல்லா இருந்தது, காலைல எடுத்து ஊதினா வெறும் புஸ். வெளிச்சத்துல பிடிச்சாதான் முடி மாதிரி கோடு தெரிஞ்சது. குழல்ல சுத்தற நூல் அலங்காரத்துக்குன்னு நினைக்கறவங்க கவனிங்க, மூங்கில் வாயத் திறக்காம இருக்கத்தான் அந்த கட்டு.

13 ஜூன்

இடது கைக்காரர் கேட்டதுக்கு: மூங்கில் குழல அப்படியே திருப்பிப் பிடிங்க, முடிஞ்சது. துளை எல்லாம் நேர்கோட்ல இருக்கே. ஹரிபிரசாத் சௌரஸியா இடப்பக்கம்தான் பிடிக்கறார். கீ ஃப்ளூட்ல இது நடக்காது, கம்பி எல்லாம் வலப்பக்கத்துக்குன்னே அமைச்சது, தனியா செய்யச் சொல்லி வாங்கணும்.

15 ஜூன்

கீ இல்லாத குழல் கீழை நாட்டு பிடிவாதம்னு ஒரு கமெண்ட். அயர்லாந்து எங்க இருக்கு? போம் ஃப்ளூட் வந்து ஆர்கெஸ்ட்ராக்காரங்க பழைய மரக் குழல கை கழுவினப்போ, அதை எல்லாம் ஐரிஷ் நாட்டுப்புற ஆளுங்க எடுத்துக்கிட்டாங்க. இன்னைக்கு வரைக்கும் அவங்க பாட்டுக்கு அந்த ஆறு துளை மரக் குழல்தான், புதுசா செய்யறவங்க கூட பழைய மாடல்லயே செய்யறாங்க. அவங்களுக்கும் கட், ரோல்னு விரலால பண்ற அலங்காரம் எல்லாம் துளைல நேரா தொட்டாதான் சரியா வருது.

ஜப்பான் ஷகுஹாச்சி குழல் இன்னும் மோசம், அதாவது இன்னும் நல்லது. மொத்தம் அஞ்சே துளை, முன்னால நாலு, பின்னால ஒண்ணு, வழக்கமான அளவு 54.5 செ.மீ. நுனில ஊதறது. நடு ஸ்வரத்துக்கு துளைய பாதி மூடி, தலையக் குனிஞ்சு ஊதற கோணத்தை மாத்தறாங்க. முதல் தடவை பாத்தப்போ ஏன் இவர் எல்லாத்துக்கும் ஆமா ஆமாங்கறார்னு தோணுச்சு. தலையாட்டல்தான் அவங்க கீ.

18 ஜூன்

கேள்வி கேட்டவரே தனியா மெசேஜ் பண்ணி, சரி கத்துக்கலாம்னு இருக்கேன், எதை வாங்கறதுங்கறார். இழைக்கு இதுதான் வெற்றின்னு எடுத்துக்கறேன். எல்லாருக்கும் உதவுமேன்னு இங்கயே போடறேன்.

சின்ன குழல், அஞ்சு கட்டையோ அதுக்கு மேலயோ. பெரிய குழலோட நாதத்துல மயங்கி முதல்லயே அதை வாங்கினா விரல் எட்டாம வெறுத்துடும். வாங்கறப்போ ட்யூனர் ஆப் வச்சு ச, ப, மேல் ச மூணும் பாருங்க. கண்ணுக்கு லட்சணமா பாலிஷ் போட்ட குழல் சுருதில கோணலா இருக்கறது சகஜம், எனக்கு முதல்ல வந்து வாய்ச்சது அந்த ரகம், என் காது சரியில்லைன்னே நினைச்சு ரொம்ப நாள் அதோட மல்லு கட்டினேன்.

ஆரம்பத்துல துளைல விரலே வைக்காதீங்க, வெறும் நாதம் வரட்டும். தலை சுத்தும், உக்காந்துக்கோங்க. சத்தம் வரலைன்னா பலமா ஊதறதுல பிரயோஜனம் இல்ல, உதட்டுத் திறப்பை சின்னதாக்குங்க. அப்புறம் முதல் ரெண்டு துளைய மூடினா ச. இதுலதான் எல்லாருக்கும் கீச்சுனு வரும், காரணம் கசிவு. வாசிச்சு முடிச்ச உடனே விரல திருப்பிப் பாருங்க, சதைல துளையோட வட்டம் பதிஞ்சிருக்கும். வட்டம் முழுசா இருந்தா மூடியிருக்கு. பிறை மாதிரி அரைகுறையா இருந்தா எந்தப் பக்கம் விட்டுப் போச்சோ அந்தப் பக்கம் கசியுது, விரல அங்க நகர்த்துங்க. நுனி விரலால குத்தாதீங்க, முதல் கணுவோட மெத்தையால மூடுங்க. அழுத்தவும் வேண்டாம், அழுத்தினா நாளைக்கு கமகம் வராது.

எந்த வாத்தியார், ஆன்லைனா நேர்லயாங்கறது பத்தி இங்க ஆரம்பிச்சா சண்டை ஓயாது. அதுக்கு வேற இழை போடுங்க, வர்றேன்.